டெல்லிக் குழுவுக்காக நட்ட வயல்

ஆமா தம்பி, நான்தான். போனைப் பாக்குறீங்க, என் மூஞ்சியப் பாக்குறீங்க, மறுபடியும் போனைப் பாக்குறீங்க. கும்பகோணத்துல ஏறினதுலேருந்து நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் வர்றேன். கேட்டுட்டா முடிஞ்சுபோச்சு. பேப்பர்ல மொதப் பக்கத்துல, துண்டை வாயில வச்சுக்கிட்டு ஒரு ஆளு அழுவுறானே, வெள்ளத்துல பயிரைப் பறிகொடுத்த விவசாயின்னு, அது நான்தான். பேரு கலியமூர்த்தி. போதுமா?

கோவிச்சுக்காதீங்க. காலையில போன பஸ்லயும் இதே கூத்து. கண்டக்டர் டிக்கெட்டுக்குக் காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. "ஒக்காருங்கண்ணே, ஒங்களப் பாத்தா எங்கப்பா ஞாபகம் வருது"ங்கிறாரு. தன் பாக்கெட்டுலேருந்து எடுத்துப் போடுறாரு தம்பி. பஸ்ஸே திரும்பிப் பாக்குது. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. வலுக்கட்டாயமாக் காசைத் திணிச்சுட்டு, மன்னார்குடியிலேருந்து கும்பகோணம் வரைக்கும் சன்னலப் பாத்துக்கிட்டே போனேன்.

நீங்க எங்க எறங்கணும்? மன்னார்குடியா? அப்ப சொல்லிடுறேன். தெரிஞ்சவங்ககிட்ட சொல்ல முடியாது. நீங்க யாரோ நான் யாரோ. நாளைக்கு எங்கயாவது பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிரலாம், சரியா?

கார்த்திகை மழை எப்படி அடிச்சுதுன்னு ஒங்களுக்கே தெரியும். எங்கூர்ல தெருவுல படகு விட்டாங்க. டெல்லி சர்க்காரோட மீட்புப் படை, ஆரஞ்சு சட்டை போட்ட பசங்க, மொத நாளே வந்துட்டாங்க. அவங்களை ஒரு சொல் சொல்லக் கூடாது. காலனியில இடுப்பளவு தண்ணி. ஆள், ஆடு, கட்டில்ல கெடந்த சீக்காளி, எல்லாரையும் கரையேத்திப்புட்டுத்தான் அந்தப் பசங்க தங்க வாயில தண்ணி ஊத்திக்கிட்டாங்க. ஒரு பையனுக்குத் தமிழே தெரியாது, "அம்மா, அம்மா"ன்னே எல்லாக் கெழவியையும் தூக்கிட்டு வந்தான்.

உசுரைக் காப்பாத்துறதுக்கு ஒரு குழு. சேதத்தைப் பாக்குறதுக்கு வேற குழு. அது அப்புறமா வரும். வந்து பாத்து, எழுதி, டெல்லிக்குப் போயி, அதுக்கப்புறந்தான் நிவாரணம். அந்தக் குழு எங்கூருக்கு வர்றதுக்குள்ள தண்ணி வடிஞ்சு, வெயிலு அடிச்சு, என் பயிரு பச்சை கட்டிருச்சு. இதுல என் தப்பு என்ன சொல்லுங்க? சேதம்னா பாக்க ஆள் வர்ற வரைக்கும் சேதமா நிக்க வேணாமா? என் பயிர் நிக்கல. தேறிப்புடுச்சு.

எனக்கு ரெண்டு எடத்துல நெலம். ரோட்டோரமா ஒண்ணு, மேட்டு நெலம். அதுதான் தேறினது. இன்னொண்ணு உள்ளுக்குள்ள, வடிகால் ஓரமா. பள்ளம். அதை நான் பயிர் பண்றதில்ல, அஞ்சம்மான்னு காலனிப் பொம்பள, அவதான் குத்தகைக்குப் பண்றா. எழுத்துக் கிழுத்து ஒண்ணும் கெடையாது, வாய்ப்பேச்சுதான். புருசன் செத்ததுலேருந்து தனியாளா நின்னு பண்றா. அந்தப் பள்ளத்துல பயிரு பூராவும் அழுகிப்போச்சு. ஒரு தூரு தேறல. கிட்டப் போனா நாத்தம் கொடலப் புடுங்கும். பாவந்தான். யாரு இல்லேங்கிறா?

குழு வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்தாரு. ரகுபதின்னு பேரு, சின்ன வயசு. மூஞ்சி செத்துக் கெடக்கு. "அண்ணே, டெல்லிக் குழு நம்ம ஊர்ல எறங்குது. ஒங்க ரோட்டோர வயல்லதான் பந்தல். கார் நிக்கிற மாதிரி வேற எடமில்ல. ஆனா ஒங்க வயலு கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குதேண்ணே, இதைக் காட்டினா ஊருக்கே ஒண்ணும் வராது"ங்கிறாரு. அழுவாத கொற.

"அஞ்சம்மா வயலைக் காட்டுறதுதானே"ன்னேன். சொன்னேன் தம்பி, நான் சொல்லாம இல்ல. "அதுக்கு வரப்புல நடந்து போவணும்ணே, முழங்கால் சேறு. டெல்லி அதிகாரிங்க ஷூ போட்டுக்கிட்டு வருவாங்க, எறங்குவாங்களா?"ன்னாரு. அதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு.

அப்புறம் அவரே ஒரு யோசனை சொன்னாரு. இல்ல, நான்தான் சொன்னேனோ? யாரு சொன்னா என்ன, ரெண்டு பேரும் சேந்துதான் பேசினோம். அஞ்சம்மா வயல்லேருந்து அழுகுன பயிரை அள்ளிக்கிட்டு வந்து, என் வயல்ல ரோட்டைப் பாத்த பக்கம் நட்டுற வேண்டியது. மிச்சப் பச்சைய மறைக்கிறதுக்குப் பந்தலோட பக்கத்துணி இருக்கவே இருக்கு. வயல்ல கொஞ்சம் தண்ணிய மறிச்சு வச்சா யாருக்குத் தெரியப்போவுது?

சிரிக்காதீங்க. ஊர் நல்லதுக்குத்தானே பண்ணினோம்.

நடவுக்கு அஞ்சாறு பொம்பளைங்களக் கூப்பிட்டேன். அஞ்சம்மாவும் வந்தா. அவ வயப் பயிருதானே, எது நிமிந்து நிக்கும், எது நிக்காதுன்னு அவளுக்குத்தான் தெரியும். அவளே பொறுக்கிக் கட்டுக் கட்டிக் கொடுத்தா. கூலி கொடுத்தேன் தம்பி, சும்மா வாங்கல வேல. முன்னால என் பச்சைப் பயிரைக் கொஞ்சம் புடுங்கிப்புட்டு, அந்த எடத்துல இதை நட்டாங்க. அதுல ஒருத்தி, பழக்க தோசம், நடவுல எறங்கினதும் குலவை போட்டுட்டா. அஞ்சம்மா நிமிந்து ஒரு பார்வை பாத்தா பாருங்க. "வாய மூடுடி, இழவுக்கா குலவை போடுவாங்க"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவ சிரிக்கல. குனிஞ்சு நட்டுக்கிட்டே போனா.

என் சம்சாரம் வாசல்லேருந்து இதெல்லாம் பாத்துக்கிட்டே நின்னுச்சு. ராத்திரி சோத்தைப் போட்டுட்டு, "தையில பொண்ணுக்குக் கல்யாணம். வயல்ல பொணத்தை நட்டு வச்சிருக்கீங்களே, நல்லாருக்குமா?"ன்னு கேட்டுச்சு. "ஒனக்கு என்னடி தெரியும் சர்க்கார் விசயம்"னு ஒரு அதட்டு அதட்டினேன். அன்னிலேருந்து எங்கிட்டப் பேச்சே கெடையாது. சோத்தைப் போடுது, போயிருது.

குழு வந்துச்சு. வரிசையா காரு. போலீசு, பத்திரிகைக்காரங்க, டி.வி.காரங்க. நடுவுல ஒரு அம்மா எறங்கினாங்க. வேளாண்மைத் துறையாம், டெல்லி. தலை நரைச்சவங்க. எறங்கினதும் நான் மொதல்ல காலைத்தான் பாத்தேன். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸு. ஷூ இல்ல தம்பி. சேத்துல எறங்கணும்னே போட்டுக்கிட்டு வந்திருக்காங்க.

அஞ்சம்மா ஒரு கட்டு அழுகுன பயிரைக் கையில ஏந்திக்கிட்டு எம் பக்கத்துல நின்னா. அவ மெதுவா எங்கிட்ட, "அய்யா, பூட்ஸு போட்டுருக்காங்களே. ஒரு எட்டு நம்ம வயலுக்கு வந்து பாக்கச் சொல்லுங்களேன்யா"ன்னா. ரகுபதி பின்னாலேருந்து, "நீ பேசாத. பட்டாதாரர் பேசுவாரு"ன்னாரு. நானும் "சும்மா இரு"ன்னேன். அந்த நேரத்துல போயி கொழப்ப முடியுமா?

சேதத்தைக் காட்டணும்னு பந்தல்ல வெள்ளப் போட்டோவா வரிசையா வச்சிருந்தாங்க, அந்தம்மா அதைப் பாக்கல. நேரா வரப்புல வந்து, வயல்ல எறங்கிட்டாங்க. கொஞ்ச நேரம் அப்படியே நின்னு பாத்தாங்க. எதைப் பாக்குறாங்கன்னு நானும் பாத்தேன். அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது தம்பி! பொம்பளைங்க நட்டிருக்காங்க பாருங்க, வரிசை. கயிறு கட்டி நட்ட மாதிரி. ஒரு முடி கோணல் இல்ல. செத்த பயிரு தானாக் கெடந்தா எப்படிக் கெடக்கும்? சாஞ்சு, பாசி படிஞ்சு, சேறோட சேறாக் கெடக்கும். இது பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பிரேயர்ல நிக்கிற மாதிரி நிக்குது. கைப்பழக்கம். கோணலா நடத் தெரியல அவளுங்களுக்கு. கோணலா நடுங்கடின்னு சொல்ல எனக்கும் தோணல. ஆயுசு பூரா வரிசை கோணினாத் திட்டுற வாயி இது, எப்படித் தோணும்?

அந்தம்மா குனிஞ்சு ஒண்ணைப் புடிச்சாங்க. இழுக்கக்கூட இல்ல, சும்மா தொட்டாப்ல கையோட வந்துருச்சு. வேருல மண்ணே இல்ல. நிமிந்து என்னைப் பாத்து இந்தியில என்னமோ கேட்டாங்க. பக்கத்துல இருந்த ஆபீசர் தமிழ்ல சொன்னாரு: "இது எப்ப நட்டதுன்னு மேடம் கேக்குறாங்க."

ஐப்பசியில நட்டதுன்னு சொல்லிருக்கலாம். ஒரு வார்த்த. சொல்ல வாயத் தொறந்தேன். அந்தம்மா மூஞ்சியில கோவமே இல்ல தம்பி. கோவப்பட்டிருந்தா நானும் எகிறியிருப்பேன், எனக்கு அது சுலபம். எங்கிட்ட உண்மையச் சொல்லிருய்யான்னு கெஞ்சுற மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. எனக்கு எங்கேருந்து வந்துச்சோ தெரியல, பொத்துக்கிட்டு வந்துருச்சு. எங்கப்பா செத்தப்பக்கூட அப்படி அழுவல நான். துண்டை எடுத்து வாயில வச்சுக்கிட்டேன். அவ்வளவுதான், டப்பு டப்புன்னு அத்தனை கேமராவும். அந்தம்மா என் தோளைத் தட்டினாங்க. "வேற வயல் இருக்கா, பாக்கலாமா"ன்னு கேட்டாங்களாம், ஆபீசர் சொன்னாரு. நான் அழுதுக்கிட்டே, "எல்லாம் இதேதாங்க, எல்லாம் இதேதான்"னுட்டேன். நான் என்ன கண்டேன்? அங்கேருந்து எல்லாரும் போனாப் போதும்னு இருந்துச்சு.

மாட்டிக்கிட்ட அழுகை தம்பி அது. அதைப் போட்டு, "கதறும் விவசாயி"ன்னு எழுதிப்புட்டான். அதுதான் எனக்கு ஆத்தாமை. என்னைக் கேட்டானா? "எதுக்குய்யா அழுவுற?"ன்னு ஒரு பய கேட்டானா? போட்டோவுல பாருங்க, எம் பக்கத்துல ஒரு கை தெரியுது, பயிர்க்கட்டோட. அது அஞ்சம்மா கை. ஆளை வெட்டிப்புட்டான். அவளைப் போட்டிருந்தா எனக்கு இந்தக் கேவலமே இல்ல.

நிவாரணம் வந்துருச்சு. அந்தம்மா என்ன எழுதுனாங்களோ தெரியல, எங்களைக் காட்டிக்கொடுக்கல. மத்த ஊர்லயும் நெசமாவே சேதம் இருந்துச்சே, அதைப் பாத்து எழுதியிருப்பாங்க. பணம் பட்டா யாரு பேர்ல இருக்கோ அவங்க கணக்குலதான் ஏறும். ரெண்டு நெலத்துக்கும் என் கணக்குலதான் ஏறுச்சு. சட்டம் அப்படி, நான் என்ன பண்றது? அஞ்சம்மாவுக்கு அதுல கொடுக்கணும்னுதான் இருக்கேன். மனசுல இருக்கு. கல்யாணம் முடியட்டும்னு பாக்குறேன்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். எனக்கு ஒரே பொண்ணு, இலக்கியா. தஞ்சாவூர்ல ஆஸ்டல்ல இருந்து படிக்குது. பேப்பரைப் பாத்துட்டு அன்னிக்கே போன் பண்ணுச்சு. தேம்பித் தேம்பி அழுவுது. "அப்பா, எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாம்பா. நீங்க அழுவாதீங்க. கல்யாணத்தை வேணாத் தள்ளிப் போட்டுரலாம்"ங்குது. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா"ன்னுட்டு வச்சுட்டேன்.

அடுத்த வாரம் சம்பந்தி போன். கும்பகோணம் பக்கம், திருநாவுக்கரசுன்னு, நல்ல குடும்பம். ஆவணியிலயே நிச்சயம் ஆயிருச்சு. "ஒரு நடை நேர்ல வந்துட்டுப் போங்க, பேசணும்"னாரு. போச்சுடா, நொடிஞ்சுபோன வீட்ல பொண்ணெடுக்க மாட்டேங்கப் போறாங்கன்னு பயந்துட்டேன். என்ன ஆனாலும் சரி, "என் பயிர் நல்லாத்தான் இருக்கு, நான் ஒண்ணும் ஓட்டாண்டி ஆவல"ன்னு உள்ளதைச் சொல்லிப்புடுறதுன்னு கெளம்பினேன். இன்னிக்குக் காலையில. அங்கேருந்துதான் திரும்பி வர்றேன்.

வாசல்லயே சம்பந்தி வந்து கையைப் புடிச்சுக்கிட்டாரு. விடல. சம்பந்தியம்மா காபியக் கொண்டாந்து வச்சுட்டு, முந்தானையால கண்ணைத் தொடைக்குது. "படத்தைப் பாத்ததுலேருந்து இந்த வீட்ல யாரும் சரியாச் சாப்பிடல அண்ணே"ங்குது. சம்பந்தி சொல்றாரு: "மச்சான், சீரு செனத்தி ஒண்ணும் நீங்க செய்யக் கூடாது. மண்டபம், சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு. பொண்ணை மட்டும் அழைச்சுக்கிட்டு வாங்க. எம் மகனே சொல்லிட்டான், மாமா கண்ணுல தண்ணி வர வச்சு எனக்கு ஒண்ணும் வேணாம்னுட்டான்."

அப்ப சொல்லியிருக்கணும் நான். "அய்யா, எம் பயிர் போவல"ன்னு. சொன்னா அடுத்த கேள்வி என்ன? "அப்ப எதுக்கு அழுதீங்க?" அதுக்கு என்ன பதில் இருக்கு எங்கிட்ட? பிச்சக்காரன்னு பேர் வாங்குறதா, ஃபோர்ஜரிக்காரன்னு பேர் வாங்குறதா? காபியக் கீழ வச்சேன். எந்திரிச்சு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். அதைப் பாத்துட்டு அவரும் அழுதுட்டாரு. எப்பேர்ப்பட்ட மனுசன்! நாக்கப் புடுங்கிக்கலாம்போல இருந்துச்சு தம்பி. வெக்கம்னா சாதாரண வெக்கமா?

இதோட விட்டாப் பரவால்ல. கெளம்புறப்ப சொல்றாரு: "ஞாயித்துக்கெழம எங்க டிராக்டரைக் கொண்டாறோம். மாப்பிள்ளையும் வர்றான். அழுகுன வயலை உழுது, உளுந்து வெதைச்சுக் கொடுத்துட்டு வர்றோம். வெதையும் எங்கிட்டயே இருக்கு. நீங்க வரப்புல நின்னு காட்டுனாப் போதும்."

எதைக் காட்டுறது? ரோட்டோர வயலு கதிர் வாங்கி நிக்குது.

பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து யோசிச்சேன், யோசிச்சேன். அப்புறந்தான் பட்டுன்னு புடிபட்டுச்சு. பள்ளத்து வயலைக் காட்டிற வேண்டியதுதானே? அதுவும் எம் பட்டாதானே? அழுகுனது நெசந்தானே? இதுல பொய் எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க. சொல்லுங்க.

ஒரே ஒரு சிக்கல், அஞ்சம்மா. அன்னிக்கு அவ அந்தப் பக்கம் வந்து, "இது என் வயலு"ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா? மாப்பிள்ளை முன்னாடி மானம் போயிருமே. ஞாயித்துக்கெழம மட்டும் வயப்பக்கம் வராதேன்னு சொல்லிரலாம்னு அங்கேருந்தே போனைப் போட்டேன்.

எடுத்தா. பின்னால ஒரே மெஷின் சத்தம். "எங்க இருக்க?"ன்னேன். "திருப்பூர்ல இருக்கேங்கய்யா. பனியன் கம்பெனிக்கு வந்துட்டேன். ஒங்களுக்குத் தெரியாதா? பத்து நாளுக்கு மேல ஆவுதே"ன்னா.

தெரியாது தம்பி. எனக்குத் தெரியாது. ஒரே ஊரு. தெனமும் அவ வீட்டைத் தாண்டித்தான் டீக்கடைக்குப் போறேன்.

அவ சொன்னதும் எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு. ஒரு கவலை விட்டுச்சு, ஞாயித்துக்கெழம தடங்கல் இல்லன்னு. யாருகிட்டயும் சொல்ல முடியுமா இதை? ஒங்ககிட்டச் சொல்றேன்.

அவளே கேட்டா. "எதுக்குங்கய்யா கூப்பிட்டீங்க? வயல் விசயமா?"ன்னா. "சும்மாத்தான்"னேன். "குத்தகை பாக்கின்னா தை பொறந்ததும் அனுப்பிர்றேங்கய்யா. இங்க ஓவர்டைம் தர்றாங்க"ன்னா.

எங்கிட்ட மன்னிப்புக் கேக்குற கொரல்ல சொல்றா தம்பி. வெளையாத வயலுக்கு. நிவாரணத்தை நான் வாங்கின வயலுக்கு. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

"பாப்பா கல்யாணத்துக்குத் தேதி குறிச்சா முன்கூட்டியே சொல்லிருங்கய்யா. இங்க லீவு சொல்லணும். பந்தி போட, பாத்திரம் கழுவ ஆள் வேணும்ல"ன்னா.

"சொல்றேன்"னேன். "நீ இல்லாமயா, கண்டிப்பா வந்துரணும்"னேன். எவ்வளவு சரளமா வருது பாருங்க இந்த வாயில.